பதவி உயர்வும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்

வாசகர் கேள்விக்குத் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரின் பதில்

இந்த முறை வந்த கடிதம் ஆறு பக்கம். எழுதியவர் 26 வயதுப் பெண். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். திருப்பூர் என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், அந்த ஊரின் தொழிலை விலக்கிவிட்டு இந்தப் பிரச்சினையைப் பேச முடியாது என்பதால்.

ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் உதவி மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் தருபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிப்பவராகச் சேர்ந்து மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. சேரும்போது 18,000 ரூபாய், இப்போது 27,500. “இரண்டு வருடத்தில் சீனியர் ஆக்கிவிடுகிறோம், நாற்பதாயிரம் தருகிறோம்” என்று நேர்முகத் தேர்வில் சொன்னார்கள். இரண்டு தீபாவளி போய்விட்டது, பேச்சே இல்லை. காலை 9 மணிக்குத் தொழிற்சாலைக்குள் இருக்கும் அலுவலகத்துக்குப் போனால் ஹாஸ்டல் திரும்ப இரவு 9 தாண்டுகிறது. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் போக வேண்டும். அதற்குப் பிறகும் இரவு 11 வரை வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பார்த்துக்கொள்ளும் பையர்கள் (ஆர்டர் தரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள்) இருவர், ஒருவர் ஜெர்மனி, ஒருவர் அமெரிக்கா.

பதினான்கு மாதங்களுக்கு முன் பேட்டர்ன் மென்பொருளில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடம் இருப்பேன், இல்லாவிட்டால் ஒரு லட்சம் தருவேன் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விலகினால் இரண்டு வருடத்துக்குத் திருப்பூரில் வேறு ஏற்றுமதி நிறுவனத்தில் சேரக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பட்டச் சான்றிதழின் அசல் நிறுவனத்திடம். கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: “கையெழுத்துப் போட்ட வெறும் செக் ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.”

மேலாளர், “உங்கள் தலைமுறைக்குப் பொறுமை இல்லை” என்கிறார். விசைத்தறியில் முப்பது வருடம் ஒரே முதலாளியிடம் இருந்த அப்பாவும் அதையேதான் சொல்கிறார். இவரோ நாளைக்கே வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பிவிட்டு பெங்களூர் பையிங் ஹவுஸ் (வெளிநாட்டுப் பையர்களுக்காக இங்கே ஆர்டர் கொடுத்துக் கவனிக்கும் அலுவலகம்) ஒன்றில் சேர்ந்துவிடலாமா என்று கேட்கிறார். “நான் கேட்பது பேராசையா?” என்பது கடைசிக் கேள்வி.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

பேராசை இல்லை. ஆனால் நீங்கள் இரண்டு பொருட்களை ஒரே கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வேலை நேரம், விடுப்பு, சம்பளக் கணக்கு ஆகியவற்றைச் சட்டத்திடம் கேட்கலாம், ஓரளவு கிடைக்கும். பதவி உயர்வைச் சட்டத்திடம் கேட்டால் கையை விரித்துவிடும். தனியார் நிறுவனம் உங்களைச் சீனியர் ஆக்கியே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லப் போவதில்லை. நேர்முகத் தேர்வில் வாயால் சொன்னதை நிரூபிப்பதும் கடினம். நிரூபித்தாலும், “அப்போது வியாபாரம் அப்படி இருந்தது” என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். பதவி உயர்வு பேரம் பேசி வாங்க வேண்டியது, எழுத்தில் வாங்க வேண்டியது. நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்ததெல்லாம் எழுத்தில் இருக்கிறது: பத்திரம், செக், சான்றிதழ். நிறுவனம் உங்களுக்குக் கொடுத்தது ஒன்றுகூட எழுத்தில் இல்லை. உங்களிடம் பணி நியமன ஆணைகூட இல்லை, ஒரு மின்னஞ்சல்தான் இருக்கிறது என்பதைப் படித்தபோது என் காபி ஆறிவிட்டது.

ஸ்டாஃப் என்றால் சட்டம் இல்லையா?

“நான் ஸ்டாஃப், தொழிலாளி இல்லை, அதனால் எனக்கு எந்தச் சட்டமும் கிடையாது” என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பூரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். மாதச் சம்பளம் வாங்கினால், மேசையில் கம்ப்யூட்டர் இருந்தால், தொழிலாளி இல்லை என்ற எண்ணம். சட்டம் பார்ப்பது நாற்காலியையோ பதவிப் பெயரையோ அல்ல, அன்றாடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உடலுழைப்பு மட்டுமல்ல, தொழில்நுட்பம், இயக்கம், எழுத்து வேலை செய்பவரும் அவற்றின்படி தொழிலாளிதான். விலக்கு முக்கியமாக இரண்டு வகையினருக்கு: நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய மாதிரித் துணி) அனுப்புவது, சாம்பிள் பார்சல் போடுவது, டையிங்கையும் பிரிண்டிங்கையும் துரத்துவது, பையருக்கு மின்னஞ்சல் எழுதுவது, அட்டவணை நிரப்புவது என்று நீங்கள் விவரித்திருக்கும் நாளில் நிர்வாகம் எங்கே இருக்கிறது? விடுப்பு கொடுக்கவோ, ஆள் எடுக்கவோ, பத்து ரூபாய் செலவுக்கு ஒப்புதல் தரவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. நிறுவனம் மறுத்து வாதாடும், மேற்பார்வை என்று நிறுவப் பார்க்கும். ஆனால் உங்கள் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது.

அப்படித் தொழிலாளி என்றால் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் உங்கள் சம்மதம் வேண்டும், இரட்டிப்புச் சம்பளமும் வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் போக நாளைக்கு 11 மணி நேரம், ஆறு நாளில் 66. ஞாயிறைச் சேர்க்காமலே வாரத்துக்கு 18 மணி நேரம் அதிகம். 27,500 ரூபாயை 26 நாளாகவும் எட்டு மணி நேரமாகவும் வகுத்தால் மணிக்கு 130 ரூபாய் சொச்சம், இரட்டிப்பு 260. மாதத்துக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் என்றால் 18,000 ரூபாயைத் தாண்டுகிறது. உங்களுக்கு மேல் மாடியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லருக்கு அந்த அரை ஷிப்டுக்குக் கூலி உண்டு, சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். அதே நேரம்வரை இருக்கும் உங்களுக்கு டீயும் பன்னும்.

இன்னொன்று. மாலை 7 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருக்க அவர்களது சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இது ஷிப்டில் வரும் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இரவு 9 மணிக்கு ஹாஸ்டலுக்குத் தனியாக ஆட்டோ பிடித்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்டோ உங்கள் செலவாகவும் உங்கள் கவலையாகவும் இருக்க வேண்டியதில்லை.

ஒரு முரணையும் கவனியுங்கள். நீங்கள் கேட்கும் பதவி உயர்வு கிடைத்து, பெயரளவில் இல்லாமல் உண்மையிலேயே நாலு பேரை மேய்க்கும் மேலாளர் ஆகிவிட்டால், மேலே சொன்ன நேர வரம்பும் இரட்டிப்புச் சம்பளமும் உங்களை விட்டுப் போய்விடும். ஏணியில் ஏற ஏறச் சட்டத்தின் குடை சிறுத்துக்கொண்டே வரும். அங்கே உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பது நீங்கள் பேசி எழுதி வாங்கிய நிபந்தனை மட்டும்தான். ஆகவே பதவி பற்றிப் பேசும் அதே மேசையில், அதே நாளில், நேரத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். “முதலில் சீனியர் ஆகட்டும், லீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்பவர்கள் பிறகு பார்ப்பதே இல்லை.

இரவு 11 மணிக்கு யார் கூப்பிடுகிறார்கள்?

வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்புகொள்ளக் கூடாது என்று பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் ஏதோ ஒரு வடிவில் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது தனிநபர் மசோதாவாகத்தான் நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கிறது, சட்டம் ஆகவில்லை. எனவே உங்கள் தோழி சொன்னதுபோல் “டிஸ்கனெக்ட் உரிமை”யை மேலாளரிடம் எடுத்துக் காட்ட முடியாது.

ஆனால் கடிகாரத்தை எடுத்துக் காட்டலாம். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அமெரிக்கப் பையர் மாலையில்தான் பேசுவார், அது நியாயம். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பகல் பன்னிரண்டரை. உங்களுக்கு இரவு 11 என்றால் அவர்களுக்கு மாலை ஏழரை. அந்த நேரத்தில் எந்த ஜெர்மானியர் அலுவலகத்தில் உட்கார்ந்து காலர் ரிப் நிறம் பற்றிக் கேட்கிறார்? கடந்த மாத வாட்ஸ்அப்பை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் வந்தவற்றில் பையர் அனுப்பியது எத்தனை, மேலாளர் அனுப்பியது எத்தனை? பெரும்பாலும் மேலாளருடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கெட்டவர் என்றில்லை. பகலெல்லாம் நிட்டிங்குக்கும் காம்பேக்டிங்குக்கும் அலைந்துவிட்டு இரவில்தான் அவருக்கு நினைவு வருகிறது. அவருடைய நினைவுக்கு நீங்கள் குறிப்பேடு ஆகிவிட்டீர்கள். இது பேசித் தீர்க்கக்கூடியது. அமெரிக்கப் பையருக்காக வாரத்தில் இரண்டு நாள் காலை 11 மணிக்கு வருகிறேன், மாலை இருக்கிறேன், மற்ற நாட்களில் 6.30க்குக் கிளம்புகிறேன், 8 மணிக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் காலை பதில் என்று திட்டவட்டமாகக் கேளுங்கள். “ரொம்பச் சோர்வாக இருக்கிறது சார்” என்று மட்டும் சொன்னால், “எனக்கும்தான்” என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

சோர்வு என்பது மனப் பலவீனம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நீங்கள் 66-இல் இருக்கிறீர்கள். வாரம் 70 மணி நேரம் உழையுங்கள் என்று 2023-இல் நாராயண மூர்த்தி சொன்னதும், 90 மணி நேரம் என்று 2025-இல் எல் அண்ட் டி தலைவர் சொன்னதும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அவர்கள் சொன்னது யோசனை. 48 என்பது சட்டம்.

பத்திரம், சான்றிதழ், செக்

பத்திரத்தைப் பற்றி இரண்டு விதமான தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் “ஜெயிலில் போட்டுவிடுவார்களோ” என்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் “பாண்ட் எல்லாம் வெறும் காகிதம் என்கிறார்கள்” என்கிறீர்கள்.

ஜெயில் கிடையாது. இது உரிமையியல் விவகாரம். விருப்பமில்லாத ஒருவரை வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. பணம்தான் கேட்க முடியும். அதற்காக வெறும் காகிதமும் அல்ல. பொதுத்துறை வங்கி ஒன்று மூன்று ஆண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் என்று போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வங்கி, பொதுத் தேர்வு நடத்திச் செலவு செய்து ஆள் எடுக்கும் பொதுத்துறை அமைப்பு என்பது அங்கே கணக்கில் எடுக்கப்பட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உங்களுக்குக் கிடைத்த பயிற்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சீனியர் ஒருவர் பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. அதற்கு ஒரு லட்சம் செலவானது என்று காட்ட அவர்கள் மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும். ஒருவேளை சமரசம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் மீதமிருக்கும் பத்து மாதத்துக்கு விகிதப்படி 41,667 ரூபாய் வருகிறது. அதை உச்சமாக வைத்துக்கொண்டு கீழே பேசலாம். நீங்களாக முதலில் அந்த எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு வருடம் திருப்பூரில் வேறெங்கும் சேரக் கூடாது என்ற வரியை மறந்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால் காஸ்டிங் ஷீட், பையரின் டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு, அளவுக் குறிப்புகள்), விலைப் பட்டியல் இவற்றில் ஒரு பக்கத்தைக்கூடச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அந்த ஒரு தவறால் வழக்கு முழுக்க அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. கல்விச் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். இதற்கிடையில் உங்கள் பட்டம் டிஜிலாக்கரில் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கும் வழி உண்டு.

இப்போது செக். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் ஆறு பக்கத்திலும் எனக்குக் கவலை தந்தது. பத்திரத்தை வைத்து வழக்குப் போட்டால் நிரூபிக்க வேண்டிய சுமை அவர்கள் மேல். செக் என்றால் நிலைமை தலைகீழ். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெறும் செக்கில் தொகையை அவர்கள் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற அனுமானம் செக்கை வைத்திருப்பவருக்குச் சாதகமாக எழும். அதை உடைக்க வேண்டியவர் நீங்கள். மேலும் இது உரிமையியல் வழக்காக நிற்காது, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்காகும். “ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டால் முடிந்தது”, அதாவது இந்தச் செக்குக்குப் பணம் தராதே என்று வங்கியிடம் சொல்லிவிட்டால் போதும் என்று அறைத்தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முடியாது, அம்மணி. ஸ்டாப் பேமெண்ட் கொடுத்த செக்குக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது.

ஆகவே விலகுவதற்கு முன்பே ஒரு பதிவை உருவாக்குங்கள். “இன்ன தேதியில், பயிற்சி ஒப்பந்தத்துக்குப் பிணையாக, தொகை நிரப்பாத இன்ன எண்ணுள்ள செக்கைக் கொடுத்திருந்தேன். நிறுவனத்துக்கு நான் எந்தக் கடனும் தர வேண்டியதில்லை. அதைத் திருப்பித் தாருங்கள்” என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னாளில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த மூன்று வரிதான். செக் திரும்பி வந்ததாக நோட்டீஸ் கிடைத்தால் 15 நாள்தான் அவகாசம். நோட்டீஸை வாங்க மறுக்காதீர்கள், பதில் கொடுக்காமல் இருக்காதீர்கள், அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அப்பாவும் மேலாளரும் சொல்வது

திருப்பூரில் உழைப்பு என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. இன்று முதலாளியாக இருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் கட்டிங் மேசையிலும் பவர் டேபிளிலும் நின்றவர்கள். பிறகு நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, அதிலிருந்து கம்பெனி ஆனவர்கள். பதினாறு மணி நேரம் உழைத்தேன் என்று அப்படிப்பட்ட முதலாளி ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அவர் உழைத்தது நாளைக்குத் தன்னுடையதாகப் போகிற ஒன்றுக்காக. அந்தப் பாதையின் முனையில் சொந்தக் கம்பெனி இருந்தது. உங்கள் பாதையின் முனையில் இருப்பது “சீனியர்” என்ற சொல், அதையும் தள்ளிப் போடுகிறார்கள். அதே பொறுமையை உங்களிடம் எதிர்பார்க்கும்போது அவர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

அப்பா விஷயம் வேறு. தறி நின்றால் அவர் வேலை நின்றது. வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிய பிறகு தறி அவரைக் கூப்பிடவில்லை. உங்கள் தறி சட்டைப் பையில் வருகிறது. கோபப்படாமல் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

நீங்களும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். “அந்தத் தலைமுறை எதையும் கேட்காமல் தலையாட்டியது” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் அதே ஊரில் 1984-இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு மணி நேர வேலைக்கான நாளான மே தினத்தை 1923-இல் இந்தியாவிலேயே முதலில் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எதிர்த்தவர்களில் உங்கள் அப்பாவின் வயதுக்காரர்களும் உண்டு.

மேலாளர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டு வருடம் ஆனால் சீனியர் என்பது பேருந்து அட்டவணை அல்ல. ஆர்டர் கைக்கு வந்ததிலிருந்து ஷிப்மெண்ட் போகும்வரை ஒரு ஸ்டைலை, அதாவது ஓர் ஆடை மாதிரியை, யார் துணையும் இல்லாமல் கொண்டுபோயிருக்கிறீர்களா? துணி நிறம் தப்பிப்போய் பையரிடம் தள்ளுபடி பேசியிருக்கிறீர்களா? கடலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகாமல் காப்பாற்றியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பது ஆறு இடத்தில் வருகிறது, என்ன சாதித்தீர்கள் என்பது ஒரே ஒரு இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள். போன குளிர்கால சீசனில் ஜெர்மன் ஆர்டர் முழுவதையும் தனியாக முடித்ததாகச் சொல்கிறீர்களே, அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இருப்பதா, போவதா?

நாளைக்கே வாட்ஸ்அப்பில் ராஜினாமா வேண்டாம். சொல்லாமல் நின்றுவிட்டால் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேட்பார்கள், அனுபவச் சான்றிதழை மறுப்பார்கள், செக் வேறு அங்கே இருக்கிறது. அடுத்து சேரும் இடத்தில் பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது முதல் வார்த்தையே “ஓடிப்போய்விட்டார்” என்று வரும். ஊர் பெரிது, தொழில் சின்னது.

உடனே புகார் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்கவில்லை. மிகைநேரச் சம்பளம் கேட்டு வழக்கு நடத்த முடியும், ஆனால் தொழிலாளியா இல்லையா என்ற முதல் கேள்வியிலேயே வருடங்கள் ஓடும். அந்த உரிமை உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், சான்றிதழையோ செக்கையோ தர மறுத்தால் வெளியே எடுக்கலாம். அதற்கு இன்றிலிருந்து ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம், ஞாயிறு வேலை, இரவுச் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று மாதக் குறிப்பு போதும்.

அந்த மூன்று மாதத்தில் ஒருமுறை முறைப்படி பேசிப் பாருங்கள். ஒரு பக்கக் கடிதம்: தனியாக முடித்த ஸ்டைல்கள், தவிர்த்த நஷ்டம், கேட்கும் பதவி, கேட்கும் சம்பளம், வேலை நேரம், ஞாயிறு வந்தால் மாற்று விடுப்பு. பணி நியமன ஆணையையும் அதிலேயே கேளுங்கள். எல்லாத் தொழிலாளிக்கும் எழுத்தில் நியமன ஆணை தர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அவர்கள் நாற்பது தராவிட்டாலும் முப்பத்தைந்தும் மாலை ஆறரையும் எழுத்தில் தந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு வருடம் இருப்பேன். “பார்க்கலாம்” என்று மட்டும் பதில் வந்தால், அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடத் தொடங்குவேன்.

பெங்களூர் பையிங் ஹவுஸில் ஐந்து நாள் வேலை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்து இரவில் திருப்பூர் மெர்ச்சண்டைசரைக் கூப்பிடும் ஆள் நீங்களாக இருப்பீர்கள், உங்களை அமெரிக்காவிலிருந்து இன்னொருவர் கூப்பிடுவார். வாடகையைக் கழித்துவிட்டுச் சம்பளத்தைப் பாருங்கள். அவர்களுடைய ஆர்டர் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் எத்தனை ஆர்டர் நின்றது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரே நாட்டை நம்பியிருக்கும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்தான் முதலில் வெளியே போவார். ஒப்புக்கொள்வதற்கு முன், அங்கே ஏற்கனவே வேலை பார்க்கும் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: “போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?”

கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) ஐந்து வருடம் முடிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாராம். அடிப்படைச் சம்பளம் 14,000 என்று வைத்தால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 40,000 ரூபாய் வரும். சும்மா விட வேண்டிய தொகை இல்லை. ஆனால் அதற்காக மட்டும் இன்னும் இருபது மாதம் இந்த நிலையிலேயே இருக்கவும் வேண்டாம். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்தம் செய்தது எல்லா மாதமும் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விலகுவது என்று முடிவானால் மின்னஞ்சலில், நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட்டுக் கடைசி நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், அசல் பட்டம், செக், கணக்கு முடிப்பு என்று ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. இந்த விதிக்கு நீங்கள் தொழிலாளியா மேலாளரா என்ற கேள்வியே இல்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். போகும்போது பத்திரத்தின் நகல், மூன்று மாதச் சம்பள வங்கிக் கணக்கு விவரம், நேரக் குறிப்பு நோட்டு, செக் புத்தகத்தின் அடிக்கட்டை இவற்றை எடுத்துச் செல்லுங்கள். அடிக்கட்டையில் அந்தச் செக்கின் எண் இருக்கும். அதை இன்றிரவே தேடி எடுத்துவையுங்கள்.